லைவ் சர்வரில் மறந்துபோகும் டூல்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகள் சைட்டை லைவுக்கு ஏற்றும்போது சறுக்கும் இடங்கள் எல்லாம் எனக்குப் பழகிய இடங்கள்தான். லேசான பாஸ்வேர்டு வைக்காதே என்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அட்மினரை அப்படியே விட்டுப்போவது

அட்மினர் ஒரே ஒரு பிஎச்பி கோப்பு. ஏற்றினால் டேட்டாபேஸ் கண்முன் வந்துவிடும். வேலை முடிந்ததும் அதை யாரும் நினைப்பதில்லை. மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் ஒரு கடையின் தளத்தைப் பராமரிக்க எடுத்தபோது, முன்பு செய்தவர் போட்ட அட்மினர் 4.6.2 அங்கேயே கிடந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "பாஸ்வேர்டு கேக்கும்லா அண்ணே, பொறவு என்ன?"

இந்தப் பதில்தான் இன்றும் எரிச்சல். லாகின் பக்கத்தில் 'சர்வர்' என்றொரு கட்டம் உண்டு. திருட வருகிறவன் அதில் தன் சொந்த மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ்) சர்வரின் முகவரியைப் போட்டு, தன் பாஸ்வேர்டையே கொடுப்பான். இப்போது நம் அட்மினர் அவன் சர்வருக்கு கிளையன்ட், அதாவது அதனிடம் போய் இணையும் பக்கம். கிளையன்ட் பக்கத்துக் கோப்பை டேட்டாபேஸில் ஏற்றும் 'லோட் டேட்டா லோக்கல்' கட்டளையில், எந்தக் கோப்பை அனுப்ப வேண்டும் என்று கிளையன்ட்டிடம் கேட்பது சர்வர்தான். அவன் வேர்ட்பிரஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பைக் கேட்பான், பழைய அட்மினர் எடுத்துக் கொடுத்துவிடும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. அப்புறம் அதே பக்கத்தில் லோக்கல்ஹோஸ்ட் (இதே சர்வர்) என்று போட்டு நுழைய வேண்டியதுதான். மைஎஸ்கியூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் 3306 போர்ட்டை வெளியாருக்கு அடைத்திருந்தும் பயனில்லை, கதவைத் திறப்பவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

2018-ல் வந்த 4.6.3 பதிப்பில் இந்த ஓட்டையை அடைத்தார்கள். சரி, மறந்துபோன கோப்பை யார் அப்டேட் செய்வார்? கடைத் தளத்தின் லாக்கில் அந்தப் பக்கத்துக்கு வெளியிலிருந்து போஸ்ட் கோரிக்கைகள் (லாகின் படிவத்தை நிரப்பி அனுப்புவது போன்றவை) வந்திருந்தன. என்ன எடுத்தார்கள் என்பது லாக்கில் தெரியாது. அதனால் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, தளத்தையே புதிதாக ஏற்ற வேண்டியதாயிற்று. கிறிஸ்துமஸ் ஆர்டர் வரும் நேரம் வேறு. கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெயரை மாற்றி வைப்பது

அட்மினர் கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தேடுபொறிகள் எதைப் பார்க்கக் கூடாது என்று சொல்லும், யாரும் படிக்கக்கூடிய ரோபோட்ஸ் கோப்பில் அதைத் தடுத்து எழுதினால், முகவரியை நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

டிபக் மோட்

பிழை வந்தால் உள்விவரங்களைத் திரையில் காட்டும் இந்த நிலையை லைவில் அணைத்து வையுங்கள். 2021-ல் தெரியவந்த இக்னிஷன் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெலின் பிழைப் பக்கத்தைக் காட்டும் டூல்) ஓட்டையில், டிபக் திறந்திருந்த லாராவெல் தளங்களில் வெளியாள் தன் கோடையே ஓட்ட முடிந்தது.

பேக்கப் எஸ்கியூஎல் கோப்பு

பிரௌசரில் யாரும் திறக்கக்கூடிய பப்ளிக் ஃபோல்டரில் வேண்டவே வேண்டாம்.

பின்னே டேட்டாபேஸை எப்படிப் பார்ப்பது?

எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்குப் பாதுகாப்பான மறைவழி) போட்டு, உங்கள் லேப்டாப்பில் உள்ள டூலில் பாருங்கள். ஷேர்டு ஹோஸ்டிங் (பல தளங்கள் பகிரும் சர்வர்) என்றால் பெரும்பாலும் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்துக்குள்ளேயே, டேட்டாபேஸைப் பார்க்கும் பிஎச்பிமைஅட்மின் இருக்கும். தனியாக எதையும் ஏற்றத் தேவையில்லை.