பரணில் கிடக்கும் ஈஸிசேரைத் திண்ணைக்குக் கொண்டுவருவது எப்படி

தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் ஈஸிசேர் பதினாறு ஆண்டுகள் கிடந்தது. துணி இற்றுப்போயிருந்தது. மேல் கம்பைக் காணவில்லை. முன்கால் ஒன்றில் கரையான் மண் ஏறியிருந்தது. பழைய சாமான் எடுப்பவர் விறகு விலைக்குக் கேட்டார். நாற்காலியின் வலது கையில் தாத்தாவின் காபி டம்ளர் பதித்த கறுப்பு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. கொடுக்க மனம் வரவில்லை. அந்த ஒன்றைச் சரிசெய்யப் போய்த்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். பிறகு உறவினர் வீடு, தெருக்காரர் வீடு என்று பதினான்கு நாற்காலிகள் என் கைக்கு வந்துவிட்டன. ஒன்றில்கூடச் சட்டம் முழுவதும் கெட்டிருக்கவில்லை. துணி, கம்பு, போல்ட், பின்பக்கத்து வெட்டுகள் ஆகிய நான்கும்தான் போயிருந்தன. நான்கையும் புதிதாகச் செய்துகொள்ள முடியும்.

முதலில் நாற்காலியை விரித்துப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். குறுக்காக வெட்டிக்கொள்ளும் இரண்டு சட்டங்கள் இருக்கும். நீளமானதன் தலையில் மேல் கம்பு, குட்டையானதன் முன்முனையில் கீழ்க் கம்பு. இரண்டு கம்புகளுக்கும் இடையில் துணி ஊஞ்சல்போலத் தொங்கும். முதுகுச் சட்டத்தின் பின்னாலிருந்து இறங்கும் தாங்குகட்டை, குட்டைச் சட்டத்தின் பின்பகுதியில் பல்போல வெட்டியிருக்கும் மூன்று பள்ளங்களில் ஏதாவது ஒன்றில் உட்காரும். நிமிர்ந்து உட்கார ஒரு பல், சாய ஒரு பல், பகல் தூக்கத்துக்கு ஒரு பல்.

ஆபத்து அந்தப் பற்களில் இருக்கிறது. எல்லாரும் துணியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் பல்லைப் பார்ப்பேன். ஆள் சாயும்போது தாங்குகட்டை பின்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளல் முழுவதையும் வாங்குவது வெட்டின் பின்சுவர். ஐம்பது, அறுபது ஆண்டு உட்கார்ந்து எழுந்ததில் அந்தச் சுவர் மழுங்கிச் சரிவாகிவிடும். சரிவானால் கட்டை ஏறி வழுக்கும், நாற்காலி ஆளோடு மடியும். சுட்டுவிரலை வெட்டுக்குள் விட்டுப் பின்சுவரைத் தடவுங்கள். விரல் தடையில்லாமல் மேலே ஏறினால் அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடாதீர்கள்.

மழுங்கிய இடத்தை அரத்தால் இன்னும் ஆழமாக்கிவிடலாம் என்று தோன்றும். என் இரண்டாவது நாற்காலியில் அப்படித்தான் செய்தேன். குட்டைச் சட்டத்தின் பக்கக்கட்டை அங்கே மெலிந்து, ஆறே மாதத்தில் விரிசல் விட்டது. சரியான வழி ஒட்டுக்கட்டை வைப்பது. பல் இருக்கும் பகுதியை ஏறத்தாழ 8 அங்குல நீளத்துக்கு, பக்கக்கட்டையின் பாதி உயரத்துக்கு மேல் போகாமல், இரு முனையும் சாய்வாக வெட்டி எடுத்துவிடுங்கள். அதே அளவில் பழைய தேக்குத் துண்டு ஒன்றை, ரேகை நீளவாக்கில் ஓடும்படி பொருத்தி, தண்ணீர் தாங்கும் மரப்பசையால் ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் முழுதும் விடுங்கள். கீழிருந்து இரண்டு திருகாணி கொடுத்தால் போதும். பிறகு இரண்டு பக்கத்துக் கட்டைகளிலும் ஒரே நேரான கோலை வைத்துக் குறித்துப் புதுப் பற்களை வெட்டுங்கள். ஒரு பக்கம் ஒரு நூல் முன்னே போனாலும் நாற்காலி திருகிக்கொண்டு நிற்கும். (தச்சர் கணக்கில் எட்டு நூல் ஒரு அங்குலம்.) பின்சுவர் செங்குத்தாக இருப்பதைவிட முன்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும், பாரம் ஏற ஏறக் கட்டை இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் 2 அங்குலமாவது விடுங்கள். குறைந்தால் இடையிலுள்ள மரம் ரேகையோடு பிளந்து பெயர்ந்துவிடும்.

போல்ட்டுகளை மாற்றுவது எளிது. பெரும்பாலான பழைய நாற்காலிகளில் இரண்டு நூல் அல்லது இரண்டரை நூல் கனத்தில் போட்டிருப்பார்கள். துரு பிடித்து அசையாவிட்டால் மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள்; சுத்தியால் அடித்தால் மரம்தான் பிளக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் குமிழ்த் தலை வைத்த பித்தளை போல்ட்டுகளைத் தேடி வாங்கியிருக்கிறேன். கிடைக்காவிட்டால் துருப்பிடிக்காத எஃகு போதும். மரமும் மரமும் உரசும் இடத்தில் ஒரு பித்தளை வாஷர் கட்டாயம் வேண்டும். நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு போட்டுப் பூட்டினால் மடக்கி விரிக்கும்போது கழலாது. துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டால் அதை மரத்தூளும் பசையும் கலந்து அடைக்காதீர்கள். துளையை வட்டமாகப் பெரிதாக்கி, தேக்கு முளை ஒன்றைப் பசையோடு அடித்து இறக்கி, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுங்கள்.

கம்புக்கு நேர் ரேகை உள்ள தேக்கு வேண்டும், விட்டம் குறைந்தது 1 அங்குலம். எங்கள் நாற்காலியின் மேல் கம்புக்கு நான் எடுத்தது வீட்டிலேயே கிடந்த தொட்டில் கம்பு. எங்கள் மூன்று தலைமுறைப் பிள்ளைகளும் அதில் தொங்கிய தொட்டிலில் தூங்கியிருக்கிறார்கள். கடைசல் பட்டறையில் கொடுத்தபோது ஆசாரி அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது உங்களையும் தாங்கியிருக்குமே” என்றார். முனைகளைத் துளைக்கு ஏற்றபடி மட்டும் கடைந்து கொடுத்தார். சிலர் இரும்புக் குழாயைச் சொருகிவிடுகிறார்கள். முதல் மழைக்காலத்திலேயே துருக்கறை துணியில் ஏறி, அந்த இடத்தில் துணி இற்றுக் கிழியும். மெல்லிய கம்பு போட்டால் நடுவில் வளைந்து, துணி சுருங்கி, முதுகெலும்பில் ஒரு மடிப்பு அழுத்திக்கொண்டே இருக்கும்.

இனி துணி. கடையில் ஈஸிசேர் துணி என்று கேட்டால் தைத்தே விற்கிறார்கள். அவசரத்துக்கு உதவும். ஆனால் எல்லா நாற்காலிக்கும் ஒரே நீளம், எல்லா உடம்புக்கும் ஒரே பள்ளம். தாத்தா நெடிய மனிதர். அவர் துணியின் அளவை அப்படியே எடுத்து நான் தைத்த முதல் துணியில் அம்மா உட்கார்ந்தார்; கால் தரையில் படவில்லை, எழுந்திருக்க என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து, யார் உட்காரப் போகிறாரோ அவரை வைத்துத்தான் அளக்கிறேன். பழைய ஜமக்காளம் ஒன்றை நான்காக மடித்து இரண்டு கம்புகளிலும் சுற்றிக் கயிற்றால் கட்டுங்கள். நடுப் பல்லில் கட்டையை வைத்து, நீங்கள் பின்னால் பிடித்துக்கொண்டு, அவரை மெல்ல உட்கார வையுங்கள். இருக்கைப் பள்ளம் குறுக்குக் கட்டையில் இடிக்கக் கூடாது. நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். முன்பக்கக் கம்பு தொடையின் அடியை அழுத்தக் கூடாது. பாதம் முழுதும் தரையில் பட வேண்டும். முதியவர் என்றால் தானாக எழ முடிகிறதா என்று இரண்டு முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். கயிற்றைத் தளர்த்தி, இறுக்கி, சரியாக வந்ததும் ஒரு கம்பின் வெளி விளிம்பிலிருந்து மறு கம்பின் வெளி விளிம்புவரை ஜமக்காளத்தின்மேலேயே நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள். பருத்தி கொஞ்சம் இளகும் என்பதால் அதில் 1 அங்குலம் குறைத்துக்கொள்வேன்.

திண்ணைக்கும் கூரை போட்ட தாழ்வாரத்துக்கும் பருத்திக் கித்தான்தான் என் தேர்வு. 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 400 கிராம்) கனம் கேளுங்கள். மெல்லியதை இரட்டையாக மடித்துத் தைத்தாலும் அந்த உறுதி வராது. வெயிலும் சாரலும் நேராக விழும் மாடியென்றால் செயற்கை இழைத் துணி நீடிக்கும். ஆனால் சித்திரை வெயிலில் முதுகு வியர்க்கும். வெட்டுவதற்கு முன் துணியை வெந்நீரில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். பாவு நூல் (தறியில் நீளமாக ஓடும் இழை) நீளவாக்கில், கம்பிலிருந்து கம்புக்கு ஓட வேண்டும். ஊடை (குறுக்கு இழை) நீளவாக்கில் வந்தால் துணி தொய்ந்துகொண்டே போகும். அகலம், சட்டத்தின் உள்ளளவைவிட 1 அங்குலம் குறைவு. இரு முனைகளிலும் மூன்றரை அங்குலம் கூடுதலாக விட்டு, அதில் முக்கால் அங்குலத்தை உள்ளே மடித்து, கம்பு தாராளமாக நுழையும்படி பை தையுங்கள். வீட்டுத் தையல் எந்திரம் இந்த மடிப்பைத் தாங்காது. பஸ் சீட்டும் ரெக்ஸின் உறையும் தைக்கும் கடையில் 18ஆம் எண் ஊசியும் நைலான் நூலும் வைத்திருப்பார்கள். மூன்று வரிசைத் தையல் கேளுங்கள். இரு ஓரத்திலும் முன்னும் பின்னும் ஓட்டிக் கட்டச் சொல்லுங்கள். கிழிசல் எப்போதும் அந்த ஓரத்தில்தான் தொடங்குகிறது.

உங்களுடையது பிரம்பு பின்னிய நீண்ட சாய்வு நாற்காலியாக இருந்தால் வேலை வேறு. நெடுக்காகவும் குறுக்காகவும் இரண்டிரண்டு, மூலைவாட்டத்தில் இரண்டு என்று ஆறு ஓட்டம் ஓட்ட வேண்டும். பிரம்பு நாரைக் கால் மணி நேரம் ஊறவைத்து, பளபளப்பான பக்கம் மேலே வரும்படி இழுக்க வேண்டும். பார்வையற்ற கைவினைஞர்கள் பலர் இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள், அவர்களிடமே கொடுங்கள். சிதம்பரம் – சீர்காழி சாலையில் தைக்கால் ஊரிலும் பிரம்பு வேலை செய்கிறார்கள்.

மரத்தை மெருகேற்றும்போது கை அடங்கி இருக்க வேண்டும். கற்பூரத் தைலத்தில் (டர்பன்டைன்) நனைத்த துணியால் அழுக்கைத் துடையுங்கள். உப்புத்தாளைச் செதில் எழும்பிய இடத்தில் மட்டும் தேயுங்கள். தாத்தாவின் நாற்காலியில் இடது கையின் முனை, அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு குழியாகத் தேய்ந்திருக்கிறது. என் கையை அதில் வைத்தால் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் வெளியே நிற்கிறது. அந்தக் குழியையும் டம்ளர் வட்டங்களையும் நான் தொடவில்லை. பிறகு ஆளிவிதை எண்ணெயும் கற்பூரத் தைலமும் சமமாகக் கலந்து மெல்லியதாக ஒரு பூச்சு, மறுநாள் இன்னொன்று. கால்களின் அடிப்பக்கத்துக்கு மூன்று, நான்கு முறை கொடுங்கள்; வெட்டுமுகம்தான் ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் முக்கியோ அப்புறப்படுத்துங்கள். சிறு துளைகளிலிருந்து மாவுபோல உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். பூச்சுக்கு முன்பே மருந்து செலுத்திவிடுங்கள்.

எல்லாம் பூட்டியானதும் உடனே உட்கார வேண்டாம். 25 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றைத் துணியில் அடுக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஒரு மணி நேரம் விடுங்கள். நெறிபடும் சத்தம் கேட்டால் அது வரும் இணைப்பைப் பார்த்து இறுக்குங்கள். ஒரு வாரம் கழித்து, துணி இளகி முடிந்தபின், நட்டுகளை இன்னொரு முறை திருகி வையுங்கள்.