கெட்ட ரிப்பேரில் மாட்டிய பாக்கெட் வாட்ச்: திறந்து பார்த்துச் சரிசெய்வது எப்படி?

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்துப் பழைய வீடுகளில் பீரோ தட்டிலோ தகரப் பெட்டியிலோ ஒரு பாக்கெட் வாட்ச் கிடப்பது அபூர்வம் இல்லை. 1904-ல் கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்துகொண்டு ரயில் வந்த ஊர் இது. செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர், எஸ்டேட் கணக்குப்பிள்ளை என்று மணி பார்த்தே பிழைத்தவர்கள் இங்கே நிறைய. ரயில்வேக்காரர்களிடம் நிறையப் புழங்கியது வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் கடிகாரம். ஸ்விட்சர்லாந்தில் செய்து பம்பாயிலும் கல்கத்தாவிலும் விற்றார்கள். அமெரிக்க வால்தம், எல்ஜின் வகைகளும் அங்கங்கே கிடைக்கும்.

நூறு வருடம் ஓடினாலும் இந்த வாட்சுகள் அவ்வளவு சீக்கிரம் தேயாது. கெட்டுப்போனவற்றைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் நடுவில் யாரோ செய்த அவசர ரிப்பேர்தான் காரணமாக இருக்கும். அதனால் முதல் வேலை சரிசெய்வது கிடையாது. உங்களுக்கு முன்னால் இதைத் திறந்தவர் என்ன செய்துவைத்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான். அதிலும் ஓட்டத்தைத் தடுப்பதை மட்டும் சரிசெய்தால் போதும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் பிரித்துப் புதுசாக்கப் போனால், அடுத்த கெட்ட ரிப்பேர் உங்களுடையதாகிவிடும்.

கைப்பழக்கத்துக்கு

தாத்தாவின் வாட்சில் கை வைக்கும் முன், ஓடுகிற ஒரு ஹெச்.எம்.டி. ஜனதா வாங்குங்கள். 17 கல், கையால் சாவி கொடுப்பது, பாகங்களும் சுலபமாகக் கிடைக்கும். அதை முழுக்கப் பிரித்து, மறுபடி பூட்டி, அது ஓடிய பிறகு இங்கே வாருங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். கண்ணில் வைக்கும் ஐ கிளாஸ் இரண்டு: வேலைக்கு 4 மடங்கு, சோதனைக்கு 10 மடங்கு. 0.8 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை ஸ்க்ரூடிரைவர், நல்ல கூர் ட்வீசர், முள் எடுக்கும் கருவி, காற்று ஊதும் ரப்பர் பல்ப், கூராகச் சீவிய மூங்கில் குச்சி, விளிம்பு வைத்த வெள்ளைத் தட்டு. மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, மறுமுனையை மேஜை விளிம்போடு குத்திவிடுங்கள். நழுவும் ஸ்க்ரூ தரைக்குப் போகாது. ஃபேனை நிறுத்திவிடுங்கள். குற்றாலத்தில் சாரல் கட்டியிருக்கும் ஆடி மாதத்தில் திறந்த மெஷினை இரவு முழுக்க மேஜையில் விடவே வேண்டாம். ஸ்டீல் பாகங்களில் துரு ஏறிவிடும்.

வெளியே பார்ப்பது

மூடியைத் திறக்காமலே கொஞ்சம் தெரிந்துவிடும். வளையம், கீல், கழுத்து இருக்கும் இடங்களில் மங்கலான சாம்பல் நிறத்தில் ஈயம் உருகி வழிந்திருக்கிறதா? வெள்ளி கேஸில் ஈயப்பற்று வைப்பது மிகச் சாதாரணமாக நடந்த கொடுமை. உள்மூடியில் சின்னக் காட்டுக்கோழி முத்திரை இருந்தால் ஸ்விஸ் சட்டப்படி 0.800 வெள்ளி, கரடி இருந்தால் 0.875. அதே இடத்தில் ஊசியால் கீறிய எண்களும் எழுத்துகளும் தெரிந்தால் அவை பழைய ரிப்பேர்காரர்கள் வைத்த குறிகள். அழிக்காதீர்கள்.

டயலில் எண்கள் இருட்டில் ஒளிரும் பூச்சாக இருந்தால் கவனம். பழைய காலத்தில் ரேடியம் பூசினார்கள். ஒளி எப்போதோ செத்திருக்கும், ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 வருடம். சுரண்டாதீர்கள், உதிர்ந்த தூளை ஊதாதீர்கள். டயலோடு கூட விட்டுவிட்டு வேறு வாட்சில் பழகுங்கள்.

இன்னொன்று. முள் திருப்ப முடியவில்லை என்று கிரவுனை, அதாவது சாவி கொடுக்கும் குமிழை, பிடித்து இழுத்தே உடைத்த வாட்சுகள் ஏராளம். எல்லா வாட்சிலும் கிரவுனை இழுத்து முள் வைக்க முடியாது. பல ஸ்விஸ் வாட்சில் கிரவுனுக்குப் பக்கத்தில் கேஸின் ஓரத்தில் ஒரு சின்ன முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதை நகத்தால் அமுக்கிக்கொண்டே கிரவுனைத் திருப்ப வேண்டும். அமெரிக்க ரயில்வே வாட்சுகளில் முன் கண்ணாடி வளையத்தைக் கழற்றினால் டயல் ஓரத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும்.

உள்ளே பார்ப்பது

பின்மூடியைத் திறந்ததும் எதையும் தொடாமல் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். பிறகு 10 மடங்கு கண்ணாடியில் ஓர் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் ஸ்க்ரூக்கள். தலையின் வெட்டு பிய்ந்திருந்தால் அகலம் பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பிரிட்ஜின் (வீல்களை மேலிருந்து பிடித்திருக்கும் பாலத்தின்) மேல் ஒரு நீளக் கீறல் ஓடினால் அது வழுக்கிய கை. பளபளப்பான நீல ஸ்க்ரூக்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று நின்றால் அது வேறு வாட்சிலிருந்து வந்தது. அதன் நீளமும் வேறாக இருக்கலாம். நீளமான ஸ்க்ரூ அடியில் ஓடும் வீலை முட்டும், வாட்ச் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காக நின்றுபோன வாட்சை வைத்துக்கொண்டு ஹேர் ஸ்பிரிங்கை, அதாவது துடிப்பை நடத்தும் மெல்லிய சுருளை, குறை சொல்பவர்கள் உண்டு.

அடுத்து கிரவுன் வீல். சாவி கொடுக்கும் இரண்டு பல்சக்கரங்களில் கிரவுன் பக்கம் இருப்பது அது. அதன் நடு ஸ்க்ரூ பல வாட்சுகளில் இடப்புரி, அதாவது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வலப்புரி என்று நினைத்துத் திருகித் திருகி முறித்திருப்பார்கள். நீங்கள் கழற்றும்போது வழக்கமான திசையில் நகரவில்லை என்றால் பலம் காட்டாமல் எதிர்த் திசையில் மெதுவாக முயலுங்கள்.

பிளேட்டில் வீல் அச்சு நுழையும் துளையைச் சுற்றி வட்டமாகப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தால் அது பஞ்ச் வேலை. துளை தேய்ந்து அகலமானதும் சுற்றிலும் குத்தி உலோகத்தை உள்ளே நெருக்குவார்கள். முறையான வழி புது புஷ், அதாவது துளைக்குள் ஒரு சின்ன உலோக வளையம், வைப்பது. ஆனால் அச்சு ஆடாமல் நின்று வீல் தாராளமாகச் சுற்றினால் அந்தப் புள்ளிகளை அப்படியே விடுங்கள். புஷ் வைக்கத் தனி கருவியும் பழக்கமும் வேண்டும்.

பேலன்ஸ் வீலை, அதாவது இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரத்தை, தாங்கும் பாலத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அதன் அடியில் அலுமினியத் தாளோ காகிதமோ எட்டிப் பார்க்கிறதா? அல்லது அடிப்பக்கம் உளியால் கொத்தி மேடாக்கியிருக்கிறார்களா? அச்சுக்கு மேலும் கீழும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதற்காகச் செய்யும் குறுக்குவழி இது. பேலன்ஸ் விளிம்பை ட்வீசரால் மெல்லத் தூக்கினால் மயிரிழை அளவுக்கு ஏறி இறங்க வேண்டும். துளியும் அசையாவிட்டால் அச்சு நெரிபடுகிறது. டங் டங்கென்று ஆடினால் இடம் அதிகம். அச்சு முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். பாலத்தை அழுத்தித் திருகினால் முனை போய்விடும்.

பேலன்ஸ் ஓரத்தில் குட்டி ஸ்க்ரூக்கள் இருந்தால், எதிரெதிர் ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் காணாமல் போயிருந்தால் வேகத்தைக் கூட்ட யாரோ எடுத்திருக்கிறார்கள். சமநிலை போய், நிமிர்த்தி வைத்தால் ஒரு நேரம், படுக்க வைத்தால் வேறு நேரம் காட்டும்.

கடைசியாக எண்ணெய். இந்தப் பக்கத்தில் தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும்தான் கைக்கு எட்டும். தாவர எண்ணெய் நாள்பட்டால் புளித்துப் பித்தளையைத் தின்று, துளைகளின் ஓரத்தில் பச்சைப் பிசினாக உறைந்து நிற்கும். அது தெரிந்தால் முழுக்கப் பிரித்துக் கழுவ வேண்டியதுதான்.

பிரிக்கலாமா, விட்டுவிடலாமா?

பேலன்ஸுக்கும் கடைசி வீலுக்கும் நடுவில் இரண்டு சிவப்புக் கல் வைத்த ஒரு சின்ன நெம்புகோல், அதாவது பேலட், இருந்தால் அது லீவர் வாட்ச். தொடரலாம். பேலட்டே இல்லாமல் வீலின் பல் நேராக பேலன்ஸ் அச்சின் குழியில் நுழைந்தால் அது சிலிண்டர் வகை. அதில் ஸ்பிரிங் விசை இருக்கும்போது பேலன்ஸை எடுத்தால் வீல்கள் கட்டுக்கடங்காமல் பறக்கும், பல் போகும். தொடக்கக்காரர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. பேலட் இருந்து, கல்லுக்குப் பதில் ஸ்டீல் ஊசி இருந்தால் மலிவு வகை. 1867-ல் ரோஸ்காப் என்பவர் உழைக்கிறவர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்த வாட்சும் இந்த இனம்தான். பழகலாம், பணம் போடாதீர்கள்.

விசையை இறக்குவது

இதை விட்டுவிட்டுப் பேலட்டைக் கழற்றினால் சர்ரென்று ஒரு சத்தம் கேட்கும், அத்தோடு அச்சு முனைகள் போச்சு. கிரவுனை விரல்களில் இறுக்கிப் பிடித்து, சாவி கொடுக்கும் திசையில் ஒரு துளி திருப்புங்கள். பல்சக்கரத்தில் கொக்கி போட்டிருக்கும் க்ளிக்கை மூங்கில் குச்சியால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, கிரவுன் விரல்களுக்கு நடுவில் உரசி உரசித் திரும்ப விடுங்கள். அவசரம் வேண்டாம். திருப்பம் நின்றதும் க்ளிக்கை விடுங்கள்.

பிரிப்பது

முள்ளை எடுக்கும் முன் டயல் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வையுங்கள். எனாமல் டயல் என்றால் செம்புத் தகட்டின் மேல் உருக்கிய கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. ஓரத்தில் நெம்பினால் சிதறும். டயலின் கால்களைப் பிடித்திருக்கும் பக்கவாட்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தியும் டயல் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். கால் உடைந்து, சூப்பர் க்ளூவால் ஒட்டியிருப்பார்கள். அசிட்டோன் பசையைக் கரைக்கும், ஆனால் டயலில் வண்ணம் தீட்டிய எழுத்துகளையும் கூடவே கொண்டுபோகும். பின்பக்கத்தில் மட்டும் குச்சியால் துளித் துளியாக வையுங்கள்.

பிறகு பேலன்ஸ், பேலட், வீல் பாலம், வீல்கள், பேரல் (விசை ஸ்பிரிங் இருக்கும் பல் வைத்த டப்பா) என்று வரிசையாக எடுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த பாகத்தோடு சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ.

பேலன்ஸைத் தூக்கும்போது ஹேர் ஸ்பிரிங் பாலத்தோடு தொங்கிக்கொண்டு வரும். அதைப் படுக்க வைத்து மேலிருந்து பாருங்கள். சுற்றுகள் நடுவை விட்டு விலகாமல், சமதூரத்தில், ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் அல்லது காந்தம். எண்ணெய் என்றால் கழுவினால் போகும். காந்தமா என்று ஓடும்போதே பார்ப்பது எளிது: திசைகாட்டியைப் பேலன்ஸ் அருகில் வைத்தால் ஊசியும் கூடவே துடிக்கும். காந்தம் நீக்கும் கருவி மலிவாகக் கிடைக்கும். சுற்று உண்மையிலேயே வளைந்திருந்தால் நீங்கள் நிமிர்த்த வேண்டாம். அதே மாடலில் ஓடாத வாட்ச் ஒன்று வாங்கி பேலன்ஸை முழுதாக மாற்றுவது மேல். ஆனால் புதிய ஸ்பிரிங்கும் அதன் பேலன்ஸும் ஜோடியாகவே வர வேண்டும்.

கழுவுவது

வாட்ச்காரர்கள் வெள்ளைப் பெட்ரோலில் கழுவுவார்கள். ஜன்னலைத் திறந்து, விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். பேலட்டையும் பேலன்ஸையும் ஸ்பிரிட்டிலோ ஐசோபுரோபில் ஆல்கஹாலிலோ ஊறவைக்கக் கூடாது. அவற்றின் கற்கள் அரக்கால் ஒட்டியவை, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். துளைகளில் மூங்கில் குச்சியின் கூரை விட்டுத் திருகுங்கள். கறுப்பு வரும். முனையைச் சீவி மறுபடி திருகுங்கள். சுத்தமாக வெளியே வரும்வரை இதுவே வேலை.

பூட்டி எண்ணெய் வைப்பது

எண்ணெய் வைக்காமல் முதலில் பேரலும் வீல்களும் மட்டும் பூட்டி, பாலத்தின் ஸ்க்ரூவை இறுக்கும் முன் ஒவ்வொரு அச்சும் துளைக்குள் உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள். பேரலை விரலால் தொட்டால் கடைசி வீல்வரை தடையின்றிச் சுழல வேண்டும். பிறகுதான் பேலட். இரண்டு மூன்று திருப்பு சாவி கொடுத்து, பேலட்டைத் தொட்டால் டக்கென்று அடுத்த பக்கம் தாவ வேண்டும். அடுத்து பேலன்ஸ்.

மெல்லிய எண்ணெய் (மோபியஸ் 9010 போன்றது) பேலன்ஸ் அச்சுக்கும் வேகமாக ஓடும் வீல்களுக்கும். கெட்டியான டி5 மெதுவாகத் திரும்பும் வீல்களுக்கு. துளையின் கிண்ணத்தில் பாதி நிறைந்தால் போதும். பேலட்டின் அச்சில் எண்ணெயே கூடாது.

நேரம் பார்ப்பது

இந்த வாட்சுகள் பெரும்பாலும் மணிக்கு 18,000 துடிப்பு, நொடிக்கு ஐந்து. போனில் இதற்கான ஆப் இருக்கிறது, மைக் பக்கம் வைத்தால் வேகத்தைச் சொல்லும். அதில் காட்டும் ஆம்ப்ளிட்யூட் எண்ணை, அதாவது பேலன்ஸ் எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்ற கணக்கை, மட்டும் நம்பாதீர்கள். அந்த வாட்சின் லிஃப்ட் ஆங்கிள் (பேலட்டோடு தொட்டுக்கொண்டிருக்கும்போது பேலன்ஸ் திரும்பும் கோணம்) தெரியாமல் அது சரியாக வராது. பேலன்ஸை ஸ்லோமோஷனில் வீடியோ எடுத்தால் எவ்வளவு சுற்றுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரின் முள் எஃப் அல்லது ஏ பக்கம் போனால் வேகம், எஸ் அல்லது ஆர் பக்கம் போனால் மெதுவு. மெதுவின் கடைசிவரை தள்ளியும் ஒரு நாளைக்கு அரைமணி முந்தினால் ஹேர் ஸ்பிரிங்கைப் பழைய ஆள் வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதை நல்ல வாட்ச்காரரிடம் கொண்டுபோங்கள். படுக்க வைத்தும் நிமிர்த்தி வைத்தும் நாளைக்கு ஓரிரு நிமிட வித்தியாசத்துக்குள் ஓடினால் ரெகுலேட்டரை அதற்கு மேல் நோண்ட வேண்டாம். மூடியை அடைத்துவிட்டு, நீங்கள் பார்த்த பழைய ரிப்பேர்களையும் மாற்றிய பாகங்களையும் ஒரு சின்னத் தாளில் எழுதி வாட்சோடு போட்டு வையுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு உதவும்.