மாத்திரையும் மூலிகையும் ஒத்துப்போகுமா என்று பார்ப்பது எப்படி

என் அத்தைக்கு இருபது வருடமாக பிரஷர். தினம் இரண்டு மாத்திரை, அதில் ஒன்று நீர் பிரிவதற்கானது. போன வருடம் தொண்டைக் கரகரப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரப் பொடி வாங்கி, காலையில் ஒரு ஸ்பூன் தேனில் குழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். நன்றாகக் கேட்டது, அதனால் விடவே இல்லை. ஒன்றரை மாதத்தில் மாடிப்படி ஏறினால் தொடை துவள ஆரம்பித்தது, ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.8, குறைந்தது 3.5 இருக்க வேண்டும். “வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களாம்மா?” என்று மருத்துவர் கேட்டபோது “இல்லைங்க டாக்டர்” என்றார். பொய் சொல்லவில்லை. பொடியை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அதிமதுரத்தில் கிளிசரைசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. நாள்கணக்கில் சாப்பிட்டால் அது சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுத்து, உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது, பிரஷரும் ஏறுகிறது. நீர் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தைத்தான் வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அத்தையின் கால்கள் சொல்லிவிட்டன. இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவராக இருந்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும், ஏனென்றால் பொட்டாசியம் குறையக் குறைய டிகாக்சின் விஷமாக மாறும்.

அதனால் முதல் வேலை, வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரே மேசையில் கொண்டுவந்து வைப்பது. “என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்காதீர்கள், “காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை சாப்பாடு தவிர என்னவெல்லாம் வாயில் போடுறீங்க?” என்று கேளுங்கள். அப்போதுதான் சர்க்கரைக்கென்று சிறுகுறிஞ்சான் பொடி, தூக்கத்துக்கு அமுக்கரா, மலச்சிக்கலுக்கு இசப்கோல், பேரன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மஞ்சள் கேப்சூல், எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரே தாளில் இடது பக்கம் மாத்திரைகள், வலது பக்கம் மற்றவை. எவ்வளவு, எந்த நேரம், எப்போதிலிருந்து என்பதையும் எழுதுங்கள். “எப்போதிலிருந்து” என்பதை விட்டுவிடாதீர்கள், பின்னால் தொந்தரவு வந்தால் மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான்.

அடுத்தது பெயர். இது சின்ன விஷயம் இல்லை. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், 1990களின் தொடக்கத்தில், உடல் மெலியச் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் ஆய்வாக வெளிவந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. சீன மூலிகைகள் இரண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரே பெயர், ஒன்றின் இடத்தில் அரிஸ்டோலோக்கியா இனச் செடி மாத்திரைக்குள் போய்விட்டது. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பலருக்குப் பின்னால் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். ஆடே தொடாத செடி என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அதை யாராவது பொடியாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

எனவே லேபிளில் தமிழ்ப் பெயரோடு நிற்காமல் தாவரவியல் பெயரையும் எந்தப் பாகம் என்பதையும் (வேரா, இலையா) பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண் இருக்கும். உணவுச் சத்து என்று விற்பது வேறு வகை, அதில் எஃப்எஸ்எஸ்ஏஐயின் (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க எண்ணும் “மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல” என்ற வாசகமும் இருக்க வேண்டும். ஒரே அமுக்கரா இரண்டு வகையிலும் கிடைக்கிறது. லேபிளே இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தந்த பொடி, அதிலும் மூட்டுவலி இரண்டே நாளில் பறந்துவிட்டது என்றால், ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள், அப்படிக் கலந்தவை பலமுறை பிடிபட்டிருக்கின்றன. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது.

சரி, இப்போது தாளின் இடது பக்கத்துக்கு வாருங்கள். எல்லா மாத்திரைக்கும் ஒரே அளவு பயம் தேவையில்லை. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், அசிட்ரோம், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், உறுப்பு மாற்றியவர்களுக்கு சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், டிகாக்சின், தைராய்டு மாத்திரை, எச்ஐவி மருந்து, புற்றுநோய் மருந்து. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கேப்சூலையும் தொடாதீர்கள். இவை கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து.

மூலிகை மருந்தோடு மோதுவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று, இரண்டும் ஒரே வேலையைச் செய்வது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர் கூடவே சிறுகுறிஞ்சானும் வெந்தயப் பொடியும் பாகற்காய்ச் சாறும் எடுத்தால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போய் வியர்த்து மயங்கலாம். இன்னொன்று, மருந்து ரத்தத்தில் சேரும் அளவையே மூலிகை மாற்றிவிடுவது. இதற்கு நம் மிளகை விட நல்ல உதாரணம் இல்லை. 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், மஞ்சளின் குர்குமினோடு மிளகின் பிப்பெரினையும் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் சேர்வது 20 மடங்கானது. இதே குணத்தை வைத்துத்தான் ஜம்முவில் உள்ள ஆய்வகம் ஒன்று காசநோய்க்கு ஒரு கூட்டு மாத்திரையை உருவாக்கியது: 10 மில்லிகிராம் பிப்பெரின் சேர்த்ததும் வழக்கமாக 450 மில்லிகிராம் தரும் ரிஃபாம்பிசினில் 200 போதும் என்றானது. நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கிறது, சுக்கு மிளகு திப்பிலி என்று நம் பாட்டிமார் சேர்த்ததற்குப் பின்னால் இப்படி ஒரு வேலை நடக்கிறது. ஆனால் அதே பிப்பெரின் ரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவையும், பிரஷருக்குத் தரும் புரோபிரானலால் அளவையும் ஏற்றும் என்று மனிதர்களில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரசத்தில் போடும் மிளகுக்கு யாரும் பயப்பட வேண்டாம். மஞ்சள் கேப்சூல் அட்டையில் “மிளகுச் சாறு” என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மனச்சோர்வுக்கு மேல்நாடுகளில் கடையில் கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும். அதைச் சாப்பிட்டதில் சைக்ளோஸ்போரின் அளவு இறங்கி, இதயம் மாற்றியவர்கள் இருவருக்கு உடல் புது இதயத்தை ஏற்க மறுத்தது 2000இல் பதிவானது.

தேடுவது எங்கே? பொது வலைத்தளங்களை விட்டுவிட்டு, கல்லீரல் பாதிப்புக்கு லிவர்டாக்ஸ், மூலிகை வாரியாக மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் ‘அபௌட் ஹெர்ப்ஸ்’, மூல ஆய்வுகளுக்கு பப்மெட். மூன்றும் இலவசம். தாவரவியல் பெயரையும் மருந்தின் ஜெனரிக் பெயரையும் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) சேர்த்துத் தேடுங்கள். கிடைத்ததைப் படிக்கும்போது முதல் கேள்வி: இது கண்ணாடிக் குழாயிலா, எலியிலா, மனிதரிலா? கல்லீரலுக்கென்று விற்கும் மில்க் திஸ்ல் என்ற மூலிகை ஆய்வகத்தில் பல நொதிகளைத் தடுத்தது, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது, எத்தனை பேர். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டும் என்பதற்கு 2018இல் வந்த ஆய்வில் இருந்தவர்கள் 50 பேர், எட்டு வாரம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் தைராய்டு மாத்திரை எடுப்பவர் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ள அது போதுமான காரணம்.

ஓரிருவர் கதை என்று தனிப்பட்ட நோயாளிப் பதிவுகளைத் தள்ளவும் கூடாது. 2021இல் மும்பையில் சீந்தில் சாப்பிட்டு ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்தது என்றபோது, வேறு இனச் சீந்திலாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. பிறகு 13 மருத்துவமனைகளிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. தன்னெதிர்ப்பு நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவது) உள்ளவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் முடிவு.

அப்புறம் நடைமுறை. புதிதாக எதையும் ஒரே நேரத்தில் இரண்டு தொடங்காதீர்கள். இசப்கோலையும் தைராய்டு மாத்திரையையும் நான்கு மணி நேரமாவது பிரித்து வையுங்கள், இல்லையென்றால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. வார்ஃபரின் எடுப்பவர் மருத்துவர் ஒப்புக்கொண்டு ஏதாவது தொடங்கினால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) எப்போது பார்க்க வேண்டும் என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நிறுத்தும்போதும் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தால் இரண்டு வாரம் முன்பே மூலிகைகளை நிறுத்தச் சொல்வது வழக்கம், மயக்க மருந்து கொடுப்பவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். மூலிகையை நம்பி ஆங்கில மாத்திரையை நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் டீ நிறத்தில் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, காரணமில்லாமல் ரத்தக்கட்டு, இதில் எது வந்தாலும் மூலிகையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மருந்துப் பக்கவிளைவைப் புகார் செய்ய 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, சித்த மருந்துக்கு தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் சொல்லலாம். பயத்தில் டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், மீதிப் பொடியோடு அப்படியே எடுத்துப் போங்கள், உள்ளே என்ன இருந்தது என்று சோதித்துப் பார்க்க அது வேண்டும்.