கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் வாங்கும்போது மைக்ரானுக்குப் பக்கத்தில் பாருங்கள்

குடிநீர் ஃபில்டர் கார்ட்ரிட்ஜில் "1 மைக்ரான்" (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் நாமினல் என்றிருக்கிறதா, அப்சல்யூட் என்றிருக்கிறதா என்று பாருங்கள். நாமினல் என்றால் அந்த அளவுத் துகள்களில் ஒரு பகுதி தப்பிவிடும். அப்சல்யூட் என்றால் அநேகமாக எல்லாமே பிடிபடும். வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகளைத் தடுக்க 1 மைக்ரான் அப்சல்யூட் வேண்டும். பாக்டீரியாவுக்கு 0.2 மைக்ரான் மெம்பிரேன் (நுண்துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு) வேண்டும். வைரஸ் அதிலும் நுழைந்துவிடும். அதற்கு குளோரினோ யுவி (புற ஊதா) விளக்கோ தனியாக வேண்டும். இந்த ஃபில்டர்களால் தண்ணீரில் கரைந்த உப்பும் குறையாது.

மெம்பிரேன் கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் மண், தூசியைப் பிடிக்கும் 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். இல்லாவிட்டால் விலை கூடிய மெம்பிரேன் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், தண்ணீர் மெதுவாக வந்தால் பலரும் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் அழுக்கு சேர்ந்ததன் அடையாளம்தான், கார்ட்ரிட்ஜை மாற்றினால் சரியாகிவிடும். மெதுவாக வந்த தண்ணீர் திடீரென வேகமெடுத்தால்தான் கவலைப்பட வேண்டும். மெம்பிரேன் கிழிந்திருக்கலாம், அல்லது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சரியாக உட்காராமல் தண்ணீர் வடிகட்டாமலே பக்கவாட்டில் போகலாம்.

ஓ-ரிங்குக்கு வாசலின் தடவாதீர்கள், பல வகை ரப்பர் உப்பிப்போகும். உணவுத் தரச் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் போதும். பழைய மெம்பிரேனை பிரஷ் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவதும் வேண்டாம். புதியதை மாட்டியதும் தயாரிப்பாளர் சொன்ன அளவு தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொட்டிவிட்டுக் குடியுங்கள்.