முடிவு தெரியாத காலத்தை இறைவனிடம் ஒப்படைக்கும் முறை

மருத்துவப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருக்கும்போதும், பிள்ளை முதன்முறையாகக் கடல் கடந்து வேலைக்குப் போகும்போதும், "எல்லாம் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்" என்று வாயால் சொல்லிவிட்டு இரவெல்லாம் விழித்துக் கிடப்பவர்கள் செட்டிநாட்டு வீடுகளில் பலர் உண்டு. வாய் சொன்னதை மனமும் ஏற்கச் சற்றுப் பழக வேண்டும்.

முதலில் ஒரு தாளில் பிள்ளையார் சுழியிட்டு, எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதன் கீழே, வரவையும் கடனையும் இருபக்கமாக எழுதும் ஐந்தொகைக் கணக்கு போடுவதுபோல், இன்று உங்களால் ஆகக்கூடியதை ஒரு பக்கமும், எவராலும் இன்று அறிய முடியாததை மறுபக்கமும் பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும், விசாத் தாள்களும், கடன் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் உங்கள் பக்கத்தவை. அவற்றைச் செய்யாமல் கோயிலுக்கு ஓடுவதை நான் நம்பிக்கையில் சேர்க்கமாட்டேன். மறுபக்கத்தில் இருப்பதை மட்டும் சந்நிதியில் சொல்லி ஒப்படையுங்கள்.

ஒருமுறை ஒப்படைத்த கவலை மறுநாளே திரும்பிவரும் என்பதால், இதற்கு நாள்கணக்கு தேவைப்படுகிறது. செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தாரின் பிள்ளையார் நோன்பில், திருக்கார்த்திகையை அடுத்து 21 நாட்கள் நாளுக்கொரு நூலிழையாக எடுத்துவைத்து, சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் அவற்றைத் திரியாக்கி, அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த இழைமாவில் ஏற்றிச் சுடரோடு உட்கொள்கிறார்கள். ஒரு நாளைக்கு ஓர் இழைதான் என்னும் அந்த அளவை நோன்பில்லாத மாதங்களிலும் கைக்கொள்ளலாம்: குறித்த வேளையில் விளக்கேற்றி, அன்றைய கவலையை மட்டும் சொல்லி, அடுத்த மாதத்துக் கவலைக்கு அன்று இடம் கொடாமல் எழுந்துவிடுங்கள்.

நேர்த்திக்கடன் தவறன்று, ஆனால் "இது நடந்தால்தான் பழனிக்குக் காவடி" என்னும் பேரம், நடக்காவிட்டால் கோபமாக மாறிவிடுகிறது. குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடப்பவர்களோடு சேர்ந்து நடக்க விரும்பினால், முடிவு எதுவானாலும் நடப்பேன் என்றே வேண்டிக்கொள்ளுங்கள். சந்நிதியில் பூப்பொட்டலங்களில் ஒன்றை எடுத்து இறைவன் விருப்பத்தை அறியும் பூக்கட்டிப் பார்ப்பதையும், இரண்டும் நல்ல வழியாக இருந்து மனம் ஊசலாடும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம். அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பூவிடம் கேட்கக் கூடாது.

நம்பினால் இழப்பு வராது என்று யாராவது உறுதி சொன்னால் ஏற்காதீர்கள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, நிலத்தையும் கொடுக்கல் வாங்கலையும் அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பிய நகரத்தாரும் பக்தியுள்ளவர்களே. அதற்குப் பிறகும் இழை எடுக்கும் வழக்கம் இங்கே நின்றுபோகவில்லை. ஆகவே பாதகமான செய்தி வந்தாலும் அதே வேளையில் விளக்கின்முன் உட்காருங்கள். அழலாம், இறைவனிடம் சண்டையும் போடலாம். எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று மட்டும் தோண்டாதீர்கள். செய்தி வரும் நாளில் உடனிருக்க, அறிவுரை சொல்லாத உறவினர் ஒருவரை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் உறக்கமும் உணவும் பல நாட்களாகப் பிடிக்கவில்லையென்றால், அதை மருத்துவரிடம் சொல்வது மேலே பிரித்த தாளில் உங்கள் பக்கத்து வேலையாகும்.