கைடை மூடிவைத்துவிட்டு ஆங்கிலக் கவிதைக்கு விடை எழுதுவது எப்படி?

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரைப் பக்கமிருந்து பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்து முதல் செமஸ்டர் எழுதப் போகிறவர்களுக்காக இது. கைடை மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகலாம், அதற்கு மேல் போவது கஷ்டம், ஏனென்றால் பக்கத்து பெஞ்சும் அதே கைடைத்தான் படித்திருக்கும். கவிதையிலிருந்தே சொல்லை எடுத்துப் பேசுகிற விடைக்குத்தான் மதிப்பு.

ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் 'பிரேக், பிரேக், பிரேக்' (Break, Break, Break) கவிதையை எடுத்துக்கொள்வோம். 16 வரிதான், கடல் கவிதை வேறு.

முதலில் இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல்லில் நிற்க வேண்டாம். முதல் வரியின் மூன்று சொல்லும் தனித்தனியாக அடித்து விழுவது காதுக்கே கேட்கும். அப்புறம் நோட்டில் எழுதுங்கள்: பேசுவது யார், யாரிடம், அவருக்கு என்ன வேண்டும்? இங்கே துக்கத்தில் இருக்கிற ஒருவர் கடலைக் கூப்பிட்டுப் பேசுகிறார் (இப்படிப் பேசுவதற்கு அபாஸ்ட்ரஃபி என்று பெயர், இரண்டு மார்க்கில் கேட்பார்கள்).

அடுத்துதான் முக்கியமான வேலை. ஒரே இனச் சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். இந்தக் கவிதையில் சத்தத்தைத் தேடிப் பாருங்கள். மீனவர் வீட்டுப் பையன் சகோதரியோடு விளையாடிக் கத்துகிறான், மாலுமிப் பையன் படகில் பாடுகிறான், பேசுகிறவருக்கோ மனசில் எழுவதைச் சொல்ல நாக்கு வரவில்லை, அவர் ஏங்குவதும் அடங்கிப்போன ஒரு குரலுக்காகத்தான். சுற்றிலும் சத்தம், நடுவில் இரண்டு பேர் மட்டும் மௌனம்: இறந்துபோனவர் ஒருவர், அவரை நினைத்து நிற்பவர் இன்னொருவர். இதைப் பிடித்துவிட்டால் பத்து மார்க் விடைக்கான சரக்கு கையில் இருக்கிறது.

ஒன்று, நம்ம ஊர்க் கடலை உள்ளே கொண்டுவந்துவிடாதீர்கள். நாம் பெண்கடல் என்று சொல்கிற பாக் நீரிணைப் பக்கம் அலை அவ்வளவாக எழும்பாது, டென்னிசனின் கடல் குளிர்ந்த சாம்பல் நிறக் கல்லில் மோதுகிறது. அந்தக் கல்லைப் பற்றி எழுதுங்கள்.

சரி, பத்தி எழுதும்போது சொல்ல வருவதை ஒரு வாக்கியத்தில் வையுங்கள், அதற்கு ஆதாரமாக நாலைந்து சொல் மேற்கோள், பிறகு அந்தச் சொல் அங்கே என்ன செய்கிறது என்று இரண்டு மூன்று வாக்கியம். நிறையப் பேர் மேற்கோளோடு நிறுத்திவிடுகிறார்கள், மார்க் இருப்பதே அதற்கு அப்புறம்தான். கவிஞர் வாழ்க்கையில் இருந்து, நண்பர் ஆர்தர் ஹாலம் 1833-இல் இறந்தார், கவிதை 1842-இல் வெளிவந்தது என்ற அளவு போதும்.

75 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் என்றால் பத்து மார்க்குக்கு 24 நிமிடம். அதில் 4 நிமிடம் குறிப்பெடுக்க. கவிதைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், நாடகம், நாவல் பெயருக்கு அடிக்கோடு.