வீட்டுக்கு எத்தனை பேர்? சென்சஸ் அட்டவணையில் பார்க்கும் வழி

எடிசனில் டிபன் வியாபாரம் தொடங்கியபோது நான் செய்த முதல் காரியம், நாலு பேருக்கான சாம்பார் டப்பா 300 வாங்கிப் போட்டதுதான். நியூஜெர்சி புறநகர், நாலு படுக்கையறை வீடுகள், வாசலில் கூடைப்பந்து வளையம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். 200க்கு மேல் இன்னும் கராஜில் கிடக்கிறது. எதிர் வீட்டிலும் அதே வளையம் உண்டு. ஆனால் அது எப்போதோ காலேஜ் முடித்துப் போய்விட்ட மகனுடையது. உள்ளே இருப்பது எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் மட்டும்.

நீங்கள் டப்பா வாங்குவதற்கு முன் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் டேட்டா.சென்சஸ்.கவ் (data.census.gov) தளத்தில் பி11016 (B11016) என்ற அட்டவணை எண்ணைத் தேடி, ஊர்ப் பெயரைச் சேருங்கள். வீட்டுக்கு எத்தனை பேர் என்பது ஒன்றிலிருந்து 'ஏழும் அதற்கு மேலும்' வரை வரிசையாக வரும். நியூஜெர்சி டவுன்ஷிப் என்றால் 'பிளேஸ்' பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்காமல் 'கவுண்டி சப்டிவிஷன்' பட்டியலில் பாருங்கள். எனக்கு ஒரு சாயங்காலமே இதில் போயிற்று.

அட்டவணையைத் திறந்ததும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஒரே வீட்டில் வசிக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குடித்தனம். அதில், வீடு (சொந்தமோ வாடகையோ) யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ரத்த உறவோ, திருமண உறவோ, தத்து உறவோ உள்ளவர் இருந்தால்தான் அது 'ஃபேமிலி'. தனியாள், அறை பகிரும் நண்பர்கள் எல்லாம் 'நான்ஃபேமிலி'. அட்டவணையின் முதல் பாதியான 'ஃபேமிலி'யை மட்டும் படித்தால் தனியாக இருப்பவர் ஒருவர்கூடக் கண்ணில் படமாட்டார். ஒரு நபர் வரி கீழே இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. அவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. நாடு முழுவதும் 1940இல் 7.7 சதவீதமாக இருந்த ஒற்றை ஆள் குடித்தனம் 2020இல் 27.6 சதவீதம். மன்ஹாட்டனில் பாதியை நெருங்குகிறது.

அந்த ஒற்றை ஆள் யார் என்பதற்கு பி11010. தனியாக இருப்பவர்களை 65 வயதுக்குக் கீழ், மேல் என்று பிரித்துக் காட்டும். வேலைக்குப் போகும் இளைஞருக்கும் எதிர் வீட்டுப் பாட்டிக்கும் ஒரே காரம் ஒத்துவராதே!

ஒரு எண்ணைப் பார்த்தவுடன் நம்பிவிடாதீர்கள். இது 'அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே' என்ற ஆய்வின் சாம்பிள் கணக்கு. பக்கத்திலேயே பிழை வரம்பு போட்டிருப்பார்கள். உதாரணமாக 420, பிழை 130 என்று இருந்தால் உண்மை 290க்கும் 550க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று 90 சதவீத உறுதியோடு சொல்லலாம். 65,000 பேருக்கு மேல் உள்ள ஊருக்கு ஓராண்டுக் கணக்கு கிடைக்கும். சின்ன ஊருக்கும் உங்கள் பேட்டைக்கும் ஐந்தாண்டுக் கணக்குதான். மாற்றம் தெரிய வேண்டுமானால் 2014–2018ஐ 2019–2023உடன் ஒப்பிடுங்கள். ஒரே ஆண்டு இரண்டு பக்கமும் வந்தால் ஒப்பீடு சரிவராது.

மூன்று தலைமுறை சேர்ந்திருக்கும் வீடுகளுக்கு பி11017. இதைக் கொஞ்சம் யோசித்துப் படிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கே ஒரு முறை அந்த ஆய்வின் படிவம் வந்தது. அப்போது அம்மா மதுரையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். சேர்ப்பதா, வேண்டாமா என்று எனக்கும் கணவருக்கும் பெரிய விவாதம். இரண்டு மாதத்துக்கு மேல் இங்கே தங்குகிறவரைச் சேர்க்கச் சொல்கிறது படிவம். சேர்த்தோம். இப்படிச் சில மாதம் வந்து தங்குகிறவர்களாலும் ஒரு வீடு இந்த அட்டவணையில் மூன்று தலைமுறை வீடாகிவிடலாம். பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கும் கணக்கில் இப்படி இல்லை; வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்றுதான் பார்ப்பார்கள், அதில் அம்மா மதுரைக்காரர்.

இப்போது ஒரு ஆள் டப்பாதான் எனக்கு அதிகம் ஓடுகிறது. பாட்டி வெள்ளிக்கிழமை இரண்டு வாங்குவார், ஒன்று ஃப்ரீசருக்கு. நாலு ஆள் டப்பா பெரும்பாலும் ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கும் வீடுகளுக்கு, அதுவும் மே முதல் அக்டோபர் வரைதான்.